பழைய இஞ்சின் கம்ப்ரசர் வாங்கப் போகிறீர்களா? இஞ்சினை அப்புறம் பாருங்கள்

கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் நடுவில் எங்களுக்குக் கொஞ்சம் தென்னை இருக்கிறது. பாலக்காட்டில் மழை கொட்டினாலும் எங்கள் பக்கம் தூறிவிட்டுப் போய்விடும். மார்ச் வந்தால் கிணற்றில் விட்ட வாளி பாறையில் முட்டும். ஆழப்படுத்துவதற்காக வருஷா வருஷம் டிராக்டர் கம்ப்ரசரை (பாறையில் குழி போட அழுத்திய காற்று கொடுக்கும் வண்டி) வாடகைக்குப் பிடித்து அலுத்துப்போய், சொந்தமாகவே ஒன்று வாங்கிவிடலாம் என்று இறங்கினேன். டீசல் இஞ்சினோடு இரண்டு சக்கர டிரெய்லரில் ஏற்றிய பழைய வண்டி ஒன்று 95,000 ரூபாய்க்குக் கிடைத்தது. ஹேண்டில் போட்டதும் இஞ்சின் பிடித்துக்கொண்டது, புகை இல்லை, சத்தமும் சீராக இருந்தது. நின்ற இடத்திலேயே முன்பணம் கொடுத்துவிட்டேன்.

அந்த இஞ்சினில் இன்றுவரை ஒரு குறையும் இல்லை. ஆனால் வண்டியைப் பயமில்லாமல் ஓட்டுகிற நிலைக்குக் கொண்டுவர எனக்கு மேற்கொண்டு 74,000 ரூபாயும் இரண்டரை மாதமும் பிடித்தன. இஞ்சின் சத்தத்தில் மயங்கி, அழுத்திய காற்றைச் சேர்த்து வைக்கும் டேங்கைப் பார்க்காமல் விட்டதற்கு நான் கொடுத்த விலை அது. நீங்கள் கொடுக்க வேண்டாம் என்பதற்காக, எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்று எழுதுகிறேன்.

1. உங்களுக்கு எவ்வளவு காற்று வேண்டும்?

பழைய வண்டி விற்கும் யார்டுக்குப் போய்விட்டு யோசித்தால் எல்லாமே நமக்கு ஏற்றதாகத்தான் தெரியும். வீட்டிலேயே கணக்குப் போட்டுவிடுங்கள்.

கிணற்றில் பாறைக்குக் குழி போடும் பெரிய ஜாக்ஹாமர் ஒன்றுக்கு ஏறக்குறைய 100 முதல் 120 சிஎஃப்எம் (நிமிஷத்துக்கு இத்தனை கன அடி) காற்று, 6 முதல் 7 கிலோ (சதுர சென்டிமீட்டருக்கு) பிரஷரில் வேண்டும். 7 கிலோ என்றால் கிட்டத்தட்ட 100 பிஎஸ்ஐ. பழைய கேஜ்களில் பிஎஸ்ஐதான் இருக்கும். இஞ்சின் பலத்துக்கு ஒரு நாட்டுக்கணக்கு உண்டு: 7 கிலோ பிரஷரில் ஒரு எச்.பி.க்கு (குதிரைத்திறன்) சுமார் 4 சிஎஃப்எம். ஆக ஒரு ஜாக்ஹாமருக்கே 30 எச்.பி. போய்விடும். 650 ஆர்பிஎம்மில் ஓடும் லிஸ்டர் டைப் 6 எச்.பி. இஞ்சினில் ஒரு கம்ப்ரசரை மாட்டிவைத்து, 'இதுல கல்லு உடைக்கலாம்' என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். பஞ்சர் கடைக்கும் பெயின்ட் அடிக்கவும் அது போதும்.

எப்போது வாங்குவது என்பதும் இதோடு சேர்ந்ததுதான். பிப்ரவரி முதல் மே வரை கிணற்று வேலை மும்முரமாக நடக்கும், அப்போது ஓட்டை வண்டிக்கும் விலை ஏறும். இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) பிடித்த பிறகு வண்டிகள் சும்மா நிற்கும். ஜூலை, ஆகஸ்டில் பேசுங்கள். நான் மார்ச்சில் வாங்கினேன்.

2. கையில் என்ன கொண்டுபோக வேண்டும்

டார்ச், கம்பி பிரஷ், கால் கிலோ சுத்தியல், சின்னக் காந்தம், டேப், ஸ்டாப்வாட்ச் உள்ள போன், நீங்களே வாங்கிய ஒரு புதுப் பிரஷர் கேஜ், சோப்புத் தண்ணீர், ஒரு பலகைத் துண்டு. பலகை எதற்கு என்று பின்னால் சொல்கிறேன். கூட ஒரு ஆள் கட்டாயம் வேண்டும். அவர் விற்பவருக்குத் தெரிந்தவராக இருக்கக் கூடாது.

3. முன்னால் நிற்பது என்ன வண்டி?

பழைய வண்டி பெரும்பாலும் பல வண்டிகளின் கலவை. இஞ்சின் ஒரு கம்பெனி, காற்றை அழுத்தும் கம்ப்ரசர் ஹெட் வேறு கம்பெனி, டேங்க் எங்கிருந்து வந்ததோ தெரியாது. மூன்றையும் தனித்தனியாக அடையாளம் காண வேண்டும்.

இஞ்சின் சிலிண்டரையும் கம்ப்ரசர் சிலிண்டரையும் பிரித்துப் பார்ப்பது எளிது. இஞ்சின் சிலிண்டரின் தலைக்கு மெல்லிய இரும்பு டீசல் பைப்பும் இன்ஜெக்டரும் போகும், பக்கத்தில் சைலன்சர் கிளம்பும். கம்ப்ரசர் சிலிண்டருக்கு இது எதுவும் கிடையாது. ஒரு பக்கம் ஏர் ஃபில்டர், மறுபக்கம் தடித்த டெலிவரி பைப், உடம்பு முழுக்கச் செதில் செதிலாகத் தகடு. இரண்டும் ஒரே பிளாக்கில் இருக்கிற விசித்திரங்களும் உண்டு. அமெரிக்காவில் ஃபோர்டு மாடல் ஏ இஞ்சினின் நாலு சிலிண்டரில் இரண்டை இஞ்சினாக ஓடவிட்டு, மற்ற இரண்டைக் கம்ப்ரசராக மாற்றி விற்றார்கள். நம் பக்கம் அப்படி ஒன்று உங்கள் கண்ணில் படாது.

கம்ப்ரசரில் ஒரு சிலிண்டர் பெரியதாகவும் இன்னொன்று சிறியதாகவும் இருந்தால் அது டூ ஸ்டேஜ், அதாவது காற்றை இரண்டு கட்டமாக அழுத்துவது. பெரியது எல்.பி. (லோ பிரஷர்), சிறியது எச்.பி. (ஹை பிரஷர், இங்கே குதிரைத்திறன் இல்லை), நடுவில் காற்றைக் குளிரவைக்கும் செதில் வைத்த பைப் இன்டர்கூலர். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சிஎஃப்எம் கணக்கில் எல்.பி. சிலிண்டரை மட்டுமே சேர்க்க வேண்டும். எச்.பி. சிலிண்டர் புதுக்காற்றை இழுப்பதில்லை, எல்.பி. அனுப்பியதைத்தான் மறுபடி அழுத்துகிறது. 'நாலு சிலிண்டர், அத்தனையும் காத்து' என்று என்னிடம் சொன்னார்கள். அதில் ஒன்று எச்.பி.

பெயர்த்தகடு கிடைத்தால் கம்பி பிரஷால் தேய்த்து, போட்டோ எடுத்து, வீட்டுக்கு வந்து நிதானமாகப் படியுங்கள். அதில் 'டிஸ்பிளேஸ்மென்ட்' என்று போட்டிருந்தால் அது பிஸ்டன் இழுக்கக்கூடிய இடத்தின் அளவு. 'எஃப்.ஏ.டி.' என்று போட்டிருந்தால்தான் உண்மையில் வெளியே வரும் காற்று. நல்ல நிலையில் உள்ள டூ ஸ்டேஜ் வண்டியிலேயே டிஸ்பிளேஸ்மென்டில் 70, 80 சதவீதம்தான் கைக்கு வரும். எல்ஜி 1960 முதல் கோயம்புத்தூரிலும், கிர்லோஸ்கர் நியூமேட்டிக் 1958 முதல் புனேயிலும் இருப்பதால் அந்த ஹெட்டுகளுக்கு வால்வு பிளேட்டும் ரிங்கும் கோவையில் தேடினால் கிடைத்துவிடும். பெயரே தெரியாத ஹெட்டுக்கு ஒவ்வொரு பிளேட்டையும் லேத்தில் செய்துதான் போட வேண்டும்.

சிலிண்டரே கண்ணில் படாமல் உருண்டையாக ஒரு பெட்டி மட்டும் இருந்தால் அது ஸ்குரூ அல்லது வேன் (சுழலும் தகடு) டைப். இந்த வகையில் டேங்குக்குள்ளேயே ஆயில் இருக்கும், அது குறை கிடையாது. ஆனால் ஆயில் ஊற்றும் மூடியைப் பிரஷர் இறங்காமல் திறந்தால் கொதிக்கிற ஆயில் முகத்தில் அடிக்கும். இஞ்சினை நிறுத்தியதும் டேங்க் தானாகக் காற்றை வெளியே விட வேண்டும். விடவில்லை என்றால் அந்த வண்டியை மேலே சோதிக்காதீர்கள்.

பெல்ட் வண்டியானால் இரண்டு புல்லியையும் டேப் வைத்து அளந்துவிடுங்கள். இஞ்சின் 1500 ஆர்பிஎம், அதன் புல்லி 8 அங்குலம், கம்ப்ரசர் வீல் 16 அங்குலம் என்றால் கம்ப்ரசர் 750-இல் ஓடும். காற்று குறைந்துபோன வண்டிக்கு இஞ்சின் புல்லியைப் பெரிதாக்கி ஓட்டி விற்பது பழைய தந்திரம். பெயர்த்தகட்டில் இருக்கும் ஆர்பிஎம்மைத் தாண்டினால் வேண்டாம்.

4. டேங்க்

இந்த ஒன்றுக்கு மட்டும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். விற்பவர் அவசரப்படுத்தினால் டீ வாங்கி வரச் சொல்லுங்கள்.

முதலில் காற்று. கேஜ் பூஜ்யம் காட்டுகிறது என்பதை நம்பாமல், அடியில் உள்ள டிரெய்ன் காக்கை (தண்ணீர் வடிக்கும் குழாய்) திறந்துவிடுங்கள். காற்றும் தண்ணீரும் முழுக்க வெளியேறிய பிறகுதான் டேங்கில் கை வைக்க வேண்டும். காக் திறந்தும் எதுவும் வரவில்லை என்றால் டேங்க் காலி என்று நினைத்துவிடாதீர்கள், துருவும் ஆயிலும் சேர்ந்து துளையை அடைத்திருக்கலாம். வேறு வழியாகக் காற்று இறங்கியது உறுதியாகும் வரை பக்கத்தில் போக வேண்டாம். அடைத்த காக்குக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு: வருஷக்கணக்காக உள்ளே தண்ணீர் நின்றிருக்கிறது.

காற்றை அழுத்தும்போது அதில் உள்ள ஈரம் தண்ணீராகி டேங்கின் அடியில் தங்கும். அதனால் அரிப்பு எப்போதும் அடிவயிற்றில்தான், அதுவும் உள்ளிருந்து வெளியே வரும். மேலே பார்த்தால் பளபளவென்று இருக்கும்.

என் கதைக்கு வருகிறேன். வண்டி வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், தெரிந்த மேஸ்திரி ஒருவர் கோவிந்தாபுரம் பக்கத்திலிருந்து வந்தார். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் இஞ்சினைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, குனிந்து டேங்கின் அடியைப் பார்த்தார்.

"தம்பி, எத்தன நாளா ஓடுது இது?"

"மூணு நாளாங்கண்ணா."

"மொதல்ல நிறுத்து. காத்த எறக்கு."

இறக்கினேன். சுத்தியலால் முனையிலிருந்து தட்டிக்கொண்டே வந்தார். டங், டங், டங் என்று மணி மாதிரி வந்த சத்தம், நடுப்பகுதிக்கு வந்ததும் தொப் என்றது. இரண்டு அங்குலம் தள்ளித் தட்டினார், மறுபடி டங். ஸ்குரூடிரைவரை எடுத்து அந்த இடத்துப் பெயின்டைச் சுரண்டினார். பெயின்டோடு சேர்ந்து எம்சீல் வறட்டி மாதிரிப் பெயர்ந்து வந்தது. அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தகடு ஒட்டு வெல்டிங். தகட்டின் ஓரத்தில் ஈரம். அவர் எதுவும் சொல்லாமல் பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு தள்ளிப்போய் உட்கார்ந்தார். மூன்று நாளும் என் பையன் அந்த டேங்கின் மேல் ஏறி உட்கார்ந்து விளையாடியிருந்தான்.

250 லிட்டர் டேங்கில் 7 கிலோ பிரஷர் இருந்தால் அதற்குள் அடைபட்டிருக்கும் ஆற்றல் ஒரு டன் எடையை 20 மீட்டருக்கு மேல் தூக்கப் போதும். அது கிழிந்தால் பஞ்சர் மாதிரிப் புஸ்ஸென்று போகாது.

சரி, நீங்கள் பார்க்க வேண்டியவை. டேங்கில் இருக்க வேண்டிய வெல்டிங், நீளவாக்கில் ஒன்று, இரண்டு முனை மூடிகளைச் சுற்றி, அப்புறம் பைப் சாக்கெட்டுகளைச் சுற்றி. வேறு எங்கே வெல்டிங் தெரிந்தாலும் கேள்வி கேளுங்கள். டேங்கில் மட்டும் புதுப் பெயின்ட் இருந்தால் இன்னும் அழுத்திக் கேளுங்கள். காந்தத்தை அடிப்பக்கம் முழுக்க நகர்த்துங்கள், ஒட்டாத இடத்தில் இரும்புக்குப் பதிலாகப் பூச்சு இருக்கிறது. தாங்கும் கால்கள் டேங்கோடு சேரும் இடத்தில் விரிசல் தேடுங்கள், டிரெய்லர் அதிர்வில் அங்கேதான் முதலில் விடும். சாக்கெட் பிளக் எதையாவது கழற்ற முடிந்தால் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். மேல்துரு பரவலாக இருந்தால் பரவாயில்லை. குழி குழியாக அரித்திருந்தால் வேண்டாம்.

அடுத்தது டேங்கின் சொந்தத் தகடு. கம்ப்ரசரின் தகடு வேறு, டேங்கின் தகடு வேறு. அதில் டிசைன் பிரஷர், சோதனைப் பிரஷர், வருஷம், நம்பர் இருக்க வேண்டும். தகடே இல்லாத டேங்கை நான் இப்போது பழைய இரும்பாகத்தான் எண்ணி விலை பேசுகிறேன். கேஸ் சிலிண்டரை வெட்டி ஒட்டியது, தண்ணீர் டேங்கை மாற்றியது எல்லாம் கிலோ கணக்கில்கூட எனக்கு வேண்டாம்.

கண்ணுக்கு நன்றாக இருக்கிறது என்றாலும் இரண்டு சோதனை பாக்கி. ஒன்று, அல்ட்ராசோனிக் கருவியால் தகட்டின் கனம் அளப்பது. அடிவயிற்றில் கட்டம் கட்டமாக இருபது இடமாவது அளக்கச் சொல்லுங்கள், பக்கவாட்டில் நாலு இடம் அளந்துவிட்டுப் போக விடாதீர்கள். இரண்டு, ஹைட்ரோ டெஸ்ட். டேங்கில் துளிக் காற்றும் இல்லாமல் தண்ணீர் நிரப்பி, கைப்பம்பால் டிசைன் பிரஷரைவிட ஒன்றரை மடங்கு வரை ஏற்றி நிறுத்திப் பார்ப்பார்கள். தண்ணீர் சுருங்காது, அதனால் டேங்க் விட்டாலும் கொஞ்சம் பீய்ச்சிவிட்டு அடங்கிவிடும். தண்ணீர் இல்லாமல் 'காத்துலயே ஏத்திப் பாத்துரலாம்' என்று சொல்லும் பட்டறையிலிருந்து உடனே வெளியே வாருங்கள். தொழிற்சாலைகளுக்கு டேங்க் சான்று கொடுக்க அரசு அங்கீகரித்த ஆய்வாளர்கள் கோவையில் இருக்கிறார்கள். பட்டறைக்காரர் 'ஓகே' என்று வாயால் சொல்வதைவிட அவர்களிடம் எழுத்தில் வாங்குவது நல்லது. ஒட்டுப்போட்ட டேங்குக்கு யாரும் சான்று தர மாட்டார்கள். எனக்கும் தரவில்லை.

5. சேஃப்டி வால்வு, கேஜ்

சேஃப்டி வால்வில் ஈய முத்திரை இருக்கிறதா, எத்தனை கிலோ என்று குத்தியிருக்கிறதா என்று பாருங்கள். அந்த எண் டேங்கின் டிசைன் பிரஷரைத் தாண்டக் கூடாது. ஸ்பிரிங் நட்டை இறுக்கி வைத்திருப்பது, வால்வைக் கழற்றிவிட்டு பிளக் போட்டிருப்பது, கட்டுக்கம்பியால் கட்டியிருப்பது, மூன்றையும் நான் யார்டுகளில் பார்த்துவிட்டேன். கம்ப்ரசருக்கும் டேங்குக்கும் நடுவில் கேட் வால்வு வைத்து, அதற்கு முன்னால் சேஃப்டி வால்வு இல்லாமல் விட்டிருந்தால் அதுவும் ஆபத்து: யாராவது மறந்து மூடிவிட்டு ஸ்டார்ட் செய்தால் ஹெட் வெடிக்கும்.

பழைய சேஃப்டி வால்வைச் சுத்தம் செய்து பிழைக்கப் பார்க்க வேண்டாம். புது வால்வு, புதுக் கேஜ் இரண்டையும் வாங்கும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்.

6. நிற்கிற வண்டியைக் கையால் சுற்றுங்கள்

ஸ்டார்ட் செய்து காட்டுகிறேன் என்று விற்பவர் ஹேண்டிலை எடுப்பார். வேண்டாம் என்று சொல்லுங்கள். பெல்ட்டைக் கழற்றிவிட்டு கம்ப்ரசர் வீலை இரண்டு முழுச் சுற்று கையால் சுற்றுங்கள். ஒரே இடத்தில் கடிக்கிறதா, கடகடவென்று ஆட்டம் இருக்கிறதா என்று கை சொல்லும். இறுகி நின்றால் ஹேண்டில் போட்டு முறுக்காமல், வால்வு கவரைத் திறந்து சிலிண்டரில் கொஞ்சம் கம்ப்ரசர் ஆயில் விட்டு ஒரு ராத்திரி ஊறவிட வேண்டும். அதற்கு விற்பவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் இறுகிய வண்டிக்கான விலையைப் பேசுங்கள்.

டெலிவரி பைப்பை ஒரு முனையில் கழற்றிப் பாருங்கள். உள்ளே கருப்பாகக் கரி படிந்திருக்கும். மெல்லிய பூச்சு சகஜம், ஆனால் விரல் கனத்துக்குத் தார் மாதிரி இருந்தால் அந்தப் பைப் சூட்டில் தீப்பிடிக்கும், அந்தத் தீ டேங்குக்குள்ளும் போகும். சுத்தம் செய்ய மண்ணெண்ணெய், பெட்ரோல் பக்கம் போகாதீர்கள். அதன் ஆவி உள்ளே தங்கி, அடுத்த ஸ்டார்ட்டில் வெடிக்கும். சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துத் தேயுங்கள், இல்லாவிட்டால் பைப்பையே மாற்றுங்கள்.

பழைய கேஸ்கெட்டிலும் சைலன்சரில் சுற்றிய கயிற்றிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். உலர்ந்தபடியே சுரண்டவோ ஊதவோ வேண்டாம். நனைத்து எடுத்துப் பையில் கட்டிவிடுங்கள்.

7. முதல் ஸ்டார்ட்

டேங்க் சந்தேகமாக இருந்தால் இந்தப் படியே வேண்டாம். பெல்ட் இல்லாமல் இஞ்சினை மட்டும் ஓட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹேண்டில் போடும்போது கட்டைவிரலையும் மற்ற நாலு விரல் இருக்கும் பக்கமே வையுங்கள். இஞ்சின் திருப்பி அடித்தால் சுற்றிப் பிடித்த கட்டைவிரல் முறியும். பழைய டீசல் இஞ்சின் சில சமயம் கட்டுக்கடங்காமல் வேகமெடுக்கும், டீசலை அடைத்தும் நிற்காது. அந்தப் பலகை அப்போதுதான்: ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, காற்று உறிஞ்சும் வாயைப் பலகையால் அடைத்தால் இஞ்சின் மூச்சுத் திணறி நிற்கும். கையை வைக்காதீர்கள். ஃபில்டரை முதலிலேயே கழற்றி வைத்துக்கொண்டு ஸ்டார்ட் செய்வது நல்லது.

கம்ப்ரசரின் ஆயில் மட்டத்தைப் பாருங்கள். வீலில் அம்புக்குறி இருந்தால் சுற்றும் திசை அதோடு ஒத்துப்போக வேண்டும். டேங்க் வால்வு முழுக்கத் திறந்திருக்க, பத்து நிமிஷம் சும்மா ஓடட்டும். பிறகு 2 கிலோ, 4 கிலோ என்று நின்று நின்று ஏற்றுங்கள். டேங்கின் இரண்டு முனைகளுக்கும் நேராக யாரும் நிற்கக் கூடாது.

வண்டியைக் கிணற்றுக்குக் கொண்டுபோன பிறகு ஒரு விஷயம். இஞ்சினைக் கிணற்று மேட்டில் ஒட்டி நிறுத்தாதீர்கள், காற்று வீசும் திசையில் கிணற்றைத் தாண்டித் தள்ளி நிறுத்துங்கள். புகை கிணற்றுக்குள் இறங்கித் தங்கினால் உள்ளே வேலை செய்கிறவருக்கு மேலே ஏறி வரத் தெம்பு இருக்காது. ஹோஸ் இணைப்புகளுக்கு இரண்டு பக்கமும் சங்கிலி போடுங்கள். கழன்ற ஹோஸ் பாம்பு மாதிரி சுழன்று அடிக்கும்.

8. காற்றை அளப்பது

இதற்கு மீட்டர் வேண்டாம். டேங்க் கொள்ளளவு லிட்டரில் தெரிந்தால் போதும். உதாரணமாக 250 லிட்டர் டேங்க் பூஜ்யத்திலிருந்து 7 கிலோ ஏற ஏறக்குறைய 60 கன அடி காற்று வேண்டும். வெளி வால்வை மூடிவிட்டு, இஞ்சினை முழு வேகத்தில் வைத்து, ஸ்டாப்வாட்சைத் தட்டுங்கள். 30 நொடியில் ஏறினால் 120 சிஎஃப்எம். ஒரு நிமிஷம் ஆனால் 60. என் வண்டியை '120' என்று விற்றார்கள், டேங்க் மாற்றிய பிறகு அளந்தேன்: 55 நொடி. காற்று சூடாக இருப்பதால் இந்தக் கணக்கு கொஞ்சம் கூட்டியே காட்டும், குறைத்துக் காட்டாது. டேங்கில் தண்ணீர் தேங்கியிருந்தால் சீக்கிரம் ஏறிவிடும், அதனால் முதலில் டிரெய்ன் செய்துவிடுங்கள். விற்பவர் தண்ணீரை அப்படியே விட்டு வைத்திருக்கலாம்.

காற்று குறைவதற்குக் காரணம் எங்கே என்று இன்டர்கூலர் கேஜ் காட்டிக்கொடுக்கும். மெயின் டேங்க் 7 கிலோவில் இருக்கும்போது இன்டர்கூலரில் 2 கிலோ அருகில் இருப்பது சரி. அதைவிட நன்றாக ஏறியிருந்தால் எச்.பி. வால்வு கசிகிறது, நன்றாக இறங்கியிருந்தால் எல்.பி. வால்வு. என் வண்டியில் அது 1 கிலோவைத் தாண்டவில்லை. எல்.பி. பிளேட் இரண்டு உடைந்திருந்தன. பிளேட் மாற்றியதும் 38 நொடிக்கு வந்தது, அதாவது 95 சிஎஃப்எம் பக்கம். ஒரு ஜாக்ஹாமர் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு ஓடுகிறது.

9. காகிதங்கள்

எல்லையில் இருப்பவர்களுக்கு இங்கேதான் நாள் போகும். நான் வாங்கிய டிரெய்லர் பொள்ளாச்சி பதிவு, டிஎன் 41. என் வீடு சித்தூர் தாலுகா, கேஎல் 70. (ஆந்திரச் சித்தூர் என்று நினைத்து ஒரு தரகர் குழம்பிப்போனார். நம்முடையது பாலக்காட்டுச் சித்தூர்.) 'இதுக்கெல்லாம் ஆர்.சி. யாருங்க கேக்கறாங்க' என்று விற்பவர் சொன்னார். செக்போஸ்டில் கேட்டார்கள்.

டிராக்டரில் ஏற்றியதோ, டிரெய்லரில் ஏற்றியதோ, ரோட்டில் ஓடும் எதற்கும் ஆர்.சி. வேண்டும். வாங்கும் இடத்திலேயே சேஸிஸ் நம்பரையும், டிராக்டரானால் அதன் இஞ்சின் நம்பரையும் கம்பி பிரஷால் தேய்த்து ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். பெயர் மாற்ற விற்பவர் கையெழுத்திட்ட படிவம் 29, 30 வேண்டும். வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோனால் பழைய ஆர்.டி.ஓ.விடம் படிவம் 28-இல் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். கடன் ஏதாவது ஆர்.சி.யில் ஏறியிருந்தால் படிவம் 35. வேறு மாநிலப் பதிவோடு 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருக்க முடியாது, புது நம்பர் எடுக்க வேண்டும். முழுப் பணத்தையும் தடையின்மைச் சான்று கைக்கு வந்த பிறகே கொடுங்கள். நான் முன்னாலேயே கொடுத்துவிட்டு, ஒரு கையெழுத்துக்காக விற்பவர் வீட்டுக்கு ஐந்து முறை போய்வந்தேன். அதற்கே ஐந்து வாரம் ஆயிற்று.

சக்கரம் இல்லாமல் இரும்புச் சட்டத்தில் நிற்கும் வண்டியானால் ஆர்.சி. கிடையாது. அப்போது பில் முக்கியம். மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டி எல்லை கடந்தால் லாரிக்காரர் இ-வே பில் (சரக்கு கொண்டுபோவதற்கான ஆன்லைன் சீட்டு) கேட்பார். வெள்ளைத்தாளில் எழுதிய ரசீதானால் விற்பவரின் அடையாள அட்டை நகலும் இரண்டு சாட்சிக் கையெழுத்தும் வாங்கிவிடுங்கள். திருட்டு இஞ்சின் உங்கள் தலையில் விழ வேண்டாம்.

கிணற்றுக்கும் ஒரு வார்த்தை. சித்தூர் பிளாக் நிலத்தடி நீர் கட்டுப்பாட்டுக்கு அறிவிக்கப்பட்ட பகுதி. புதுக் கிணறு, போர் என்றால் நிலத்தடி நீர்த் துறையில் கேட்டுவிட்டு இறங்குங்கள். குழி நீங்கள் போடலாம், வெடி வைக்க மட்டும் உரிமம் உள்ளவர்தான் வர வேண்டும்.

10. எனக்கு ஆன செலவு

வண்டி விலை போக: தகட்டோடு, சான்றோடு புது டேங்க் 32,000. பழைய டேங்குக்குச் செய்த கனம், ஹைட்ரோ சோதனைகள் 5,500 (இதைச் செய்யாமலே தூக்கிப் போட்டிருக்கலாம், மனசு கேட்கவில்லை). சேஃப்டி வால்வும் கேஜும் 3,200. வால்வு பிளேட், ரிங், கேஸ்கெட், மேஸ்திரி கூலி 14,000. டெலிவரி பைப், ஹோஸ், சங்கிலி 7,500. பெல்ட் 2,300. ஏற்றி இறக்க 5,000. ஆர்.டி.ஓ. வகையில் 4,500. கூட்டினால் 74,000. உங்கள் ஊரில் முன்னே பின்னே இருக்கும், ஆனால் டேங்க் மோசமானால் வண்டி விலையில் மூன்றில் ஒரு பங்கு அதற்கே போய்விடும் என்று வைத்துப் பேரம் பேசுங்கள். நாள் கணக்கில், டேங்க் ஆர்டர் கொடுத்து வர மூன்று வாரம், உதிரி பாகம் இரண்டு வாரம். காகிதங்களுக்கு ஆன ஐந்து வாரத்தையும் சேர்த்தால் இரண்டரை மாதம்.

பழைய டேங்கை என்ன செய்வது என்று கேட்பீர்கள். முழுசாக எடைக்குப் போடாதீர்கள், ஒரு பெயின்ட் அடித்து இன்னொருவர் தலையில் கட்டிவிடுவார்கள். எனக்கு வந்ததும் அப்படி ஒருவர் எடைக்குப் போட்டதாகத்தான் இருக்கும். அறுத்துப் போடுங்கள். ஆனால் உள்ளே ஆயில் ஊறிய டேங்கில் கேஸ் கட்டர் வைத்தால் ஆவி பற்றி வெடிக்கும். எல்லா பிளக்கையும் கழற்றி, சோப்புத் தண்ணீரில் இரண்டு முறை அலசி, வாய் வரை தண்ணீர் நிரப்பி வைத்துக்கொண்டு, மேல் பக்கத்தில் அரையடி நீளத்துக்கு ஒரு கீறல் வெட்டினால் போதும். அதற்கப்புறம் அது வெறும் இரும்பு. எங்கள் பட்டறைக்காரர் அப்படித்தான் வெட்டினார், நானும் என் பையனும் தென்னை மரத்துக்குப் பின்னால் நின்று பார்த்தோம்.